கூடத்தில் கிளி, கொட்டகையில் டாக்டர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மண்டி உரிமையாளர், பெரியவர் அப்பாதுரை அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் திண்டிவனத்துப் பெருமக்களே! எதிரே கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! மறைந்த என் நண்பரிடம் தங்கள் நாய்க்கும் பூனைக்கும் கிளிக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்ட அன்பர்களே! எல்லோருக்கும் மேலாக, துயரத்தோடு வந்து அமர்ந்திருக்கும் திருமதி ஜெயம் இருதயராஜ் அவர்களே! விழுப்புரம் கால்நடை மருத்துவன் கிருஷ்ணசாமியின் வணக்கம்.

ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று குழுவினர் என் காதில் சொன்னார்கள். முடிக்க மாட்டேன். மைக்கை அணைத்தால் மைக் இல்லாமலே பேசுவேன். மாடுகளோடு கத்திப் பழகிய தொண்டை இது.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டர் இருதயராஜைக் கருணைக் கடல் என்றார்கள். வாயில்லாப் பிராணிகளின் வாய் என்றார்கள். ஒருவர் கவிதையே எழுதி வந்து வாசித்தார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை நல்ல வார்த்தைகளும் இவ்வளவு காலம் எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன? அவர் சைக்கிளில் இதே தெருவில் போனபோது ஒருவராவது அதில் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தீர்களா? "அதோ நாய் டாக்டர் போறாரு" என்றுதானே சிரித்தீர்கள்!

அவர் கருணைக் கடலும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்கோபி. ஊசி போடும் நேரத்தில் நாயைப் பிடிக்காமல் வேடிக்கை பார்க்கிற எஜமானைப் பார்த்து, "நாய் கடிக்காதுங்க, நான்தான் கடிப்பேன்" என்பார். தப்பான வைத்தியத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. மூச்சுவாங்கும் பூனைக்குட்டிக்கு வேப்பெண்ணெய் ஊற்றிய ஒரு வக்கீலை, கட்சிக்காரர்கள் முன்னாலேயே ஏசிவிட்டு வந்தார். அந்த வக்கீலும் இங்கே வந்திருக்கிறார். ரோஜா மாலையோடு வந்திருக்கிறார்.

யார் இந்த இருதயராஜ்? பெருமுக்கல் மலைக்குக் கீழே, சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவர். அவருடைய தாயும் தகப்பனும் பிறத்தியார் காட்டில் மல்லாட்டை, படித்தவர்கள் சொல்கிற வேர்க்கடலை, பிடுங்கிப் பிழைத்தவர்கள். நான் அந்த மாதிரிக் காடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. ஒளிப்பானேன்? சென்னையில் கால்நடை மருத்துவம் படிக்கப் போன இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே அறை கிடைத்தது. ஒரே பாயில் படுத்தோம், ஒரே புத்தகத்தைப் படித்தோம், ஒரே பரீட்சை எழுதினோம். மதிப்பெண் மட்டும் அவருக்குக் கூட வந்தது.

படித்து முடித்து நான் விழுப்புரத்துக்கு வந்தேன், அவர் திண்டிவனத்துக்கு வந்தார். அந்தக் காலத்து மாட்டாஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உழுகிற மாடு நொண்டினால் ஊரே கூடி ஓட்டிக்கொண்டு வரும். கறவை மாடு தீனி எடுக்காவிட்டால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் வாசலில் படுத்திருக்கிற நாய் இருமினால்? கூண்டுக் கிளி வாலை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்கினால்? "அதுக்கு என்ன, செத்தா வேற ஒண்ணு" என்பார்கள். இருதயராஜ் சாயங்காலத்தில் ஒரு மணி நேரத்தை இந்தச் செல்லப் பிராணிகளுக்கென்று ஒதுக்கினார். ஊரே சிரித்தது. கிளிக்கு ஊசியாம், பூனைக்கு மாத்திரையாம்! சிரித்தவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகக் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு அதே சாயங்காலத்தில் வந்து நின்றார்கள்.

மூச்சு நோய்களில்தான் அவருக்குப் பிடிவாதம். நாய், பூனை, கிளி எது வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க படுக்குது?" என்ன தின்றது என்று பிறகு கேட்பார். எத்தனை நாளாக என்று அதற்கும் பிறகு கேட்பார். படுக்கிற இடத்தைப் பார்க்காமல் மூச்சுக்கு மருந்து தருவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவதற்குச் சமம் என்பார்.

ஏன் அப்படிச் சொன்னார்? தெரிந்துகொள்ளுங்கள், இதில்தான் அவருடைய உயிர் இருக்கிறது. மூச்சைக் கெடுப்பதில் பூசணமும் உண்டு, பாக்டீரியா என்கிற கிருமியும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே இருமல், அதே சளி, அதே இளைப்பு. ஆனால் பூசணம் பிடித்த பிராணிக்குக் கிருமிக்கான மருந்தைக் கொட்டினால் ஒரு பயனும் இல்லை, சில சமயம் பூசணம் இன்னும் செழிக்கும். கிருமி பிடித்ததைப் பூசணம் என்று நினைத்துக் காத்திருந்தால் பிராணி போய்விடும். சில நேரம் அதை வளர்த்த மனிதரும் சேர்ந்து போய்விடுவார். பெரிய பரிசோதனைக் கூடமெல்லாம் நமக்கு இங்கே ஏது? அது வாழ்கிற மூலையைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

ஐம்பத்தேழாம் வருடம் என்று நினைக்கிறேன். மேடையில் இருக்கிற சீனுவாசன் அவர்களின் மல்லாட்டைக் கிடங்கில் டைகர் என்று ஒரு காவல் நாய். அதற்கு ஒரு பக்க மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. வெறி பிடித்துவிட்டது என்று ஊரில் கூச்சல். தடியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். இருதயராஜ் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நாய்க்கும் தடிக்கும் நடுவில் போய்க் குந்திக்கொண்டார்.

"எத்தினி நாளா ஒழுகுது?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க டாக்டரே, ரெண்டு மாசமா ஒழுகிக்கினுதான் இருக்குது."

"வெறி புடிச்ச நாய் ரெண்டு மாசம் உசுரோட இருக்குமாய்யா? பத்து நாள் தாங்காது. தடிய அப்பால போடுங்க. எங்க படுக்குது?"

கிடங்குக்குள் போனார். மழையில் நனைந்து போன மல்லாட்டைத் தோல் மூலையில் குவிந்து கிடந்தது. டைகர் படுத்துப் படுத்து அதில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. காலால் ஒரு தள்ளு தள்ளினார். பச்சையாகப் புழுதி எழுந்தது. "பாத்துக்கோங்க. இந்தப் பூசணத்ததான் தெனம் மோந்துக்கினு தூங்குது. இது மூக்குக்குள்ள வேர் வுட்டுடுச்சு. வெறி இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். நாயைச் சிமெண்ட் தரைக்கு மாற்றி, அயோடின் கலந்த நீரால் மூக்கைக் கழுவினார். தினமும் வந்து கழுவினார். பொறுமையாக, திட்டிக்கொண்டே கழுவினார். ரத்தம் நின்றது. டைகர் அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் கிடங்கைக் காத்தது. சீனுவாசன் அவர்கள் தலையாட்டுகிறார், பாருங்கள்.

மீதியையும் சொல்லட்டுமா, சீனுவாசன் அவர்களே? நாய் பிழைத்த நாளில் அதற்கு மாலை போட்டீர்கள். பித்தளைத் தட்டில் பால் வைத்தீர்கள். டாக்டர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவரைக் கை ஏந்தச் சொல்லி, உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். விழுப்புரத்துக்கு வந்தபோது என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை மட்டும் தனியாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் எந்த வீட்டில் அவருக்கு டம்ளர் கொடுத்தார்கள்?

கிடங்காக இருந்ததால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் அவருடைய உறவுக்காரர்கள்தானே! வீடாக இருந்தால்? கூடத்தில் தொங்குகிற கிளிக் கூண்டைப் பார்க்க வேண்டும் என்றால்? கட்டில் அடியில் தூங்குகிற நாய்க்குட்டியைப் பார்க்க வேண்டும் என்றால்? "நீங்க கொட்டகைல குந்துங்க டாக்டரே, இங்கயே எடுத்தாறோம்" என்றுதான் ஒவ்வொரு வீடும் சொல்லியது. நாய் போகலாம் கூடத்துக்கு. பூனை போகலாம் அடுப்படிக்கு. கிளி பூசை அறை வாசலில் தொங்கலாம். கால்நடை மருத்துவத்தில் பட்டம் வாங்கிய டாக்டர் இருதயராஜ் மாட்டுக் கொட்டகை வரைக்கும் வரலாம்!

எடுத்து வந்தீர்களே, சும்மாவா எடுத்து வந்தீர்கள்? அழுக்குக் கூண்டை வெளி மனிதர் பார்த்தால் வீட்டுக்குக் கேவலம் என்று, டாக்டர் வரப்போகிறார் என்றதும் கூண்டைப் புளி போட்டுத் தேய்ப்பீர்கள். எச்சத்தை எல்லாம் சுரண்டுவீர்கள். தீனிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கழுவுவீர்கள். சாம்பிராணிப் புகை காட்டுவீர்கள், ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற கிளிக்கு! பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி அந்தக் கூண்டைக் கொண்டுவந்து வைப்பீர்கள். அவருக்கு வேண்டியதே நீங்கள் கழுவிவிட்ட அந்த அழுக்குதான் என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டார்! "கூண்ட ஏங்க கழுவுறீங்க? எனக்கு அந்த எச்சந்தாங்க பேசும். இப்ப நான் யார்கிட்ட கேக்கறது?" என்று கொட்டகையில் நின்று கத்துவார். டாக்டருக்குத் திமிர் என்று பேசிக்கொண்டீர்கள்.

இனி நான் சொல்லப் போவதைச் சொல்ல வேண்டாம் என்று, மேடை ஏறும் முன் தலைவர் அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். வயதில் பெரியவர். இந்தப் பந்தல், இந்த மைக், பூமாலை போட்ட அந்தப் படம் எல்லாம் அவர் ஏற்பாடு. அவர் கண் கலங்கியிருப்பதையும் பார்க்கிறேன், அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள், அப்பாதுரை அவர்களே.

போன திருவிழாவில் திருவாமாத்தூருக்குக் கிளிக்குஞ்சு விற்கிறவர் ஒருவர் வந்திருந்தார். ஒரே கூடையில் நெருக்கி நெருக்கி அடைத்த குஞ்சுகள். சாமி கும்பிடப் போன திண்டிவனத்துக்காரர்கள் ஆசையாக ஆளுக்கொன்று வாங்கி வந்தீர்கள். தலைவர் வீட்டுக்கும் ஒன்று வந்தது. வந்த சில வாரத்தில் அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மூச்சுக்கு மூச்சு வால் ஆடியது. இருதயராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

கொட்டகையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். கிளியின் நெஞ்சுக்கு நம்மிடம் இருக்கிற ஸ்டெதாஸ்கோப் பெரிது, அதன் வாய் கிளி முதுகை முழுக்க மூடிவிடும். அதனால் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கிளியை இரண்டு கையிலும் ஏந்தி, முகத்தோடு சேர்த்துப் பிடித்து, அதன் முதுகில் காதை வைத்துக் கேட்பார். இறகு மூக்கில் படும். அது தும்மினால் இவர் முகத்தில்தான் தெறிக்கும். அப்படித்தான் அன்றைக்கும் கேட்டார்.

என்ன தீனி என்று விசாரித்தார். மல்லாட்டை என்றார்கள். நம் வீடுகளில் மல்லாட்டை உடைக்கும்போது கசப்பதையும் பூத்துப் போனதையும் நாம் தின்ன மாட்டோம். எறியவும் மனம் வராது. கிளிக்குப் போடுவோம். அதனால் எத்தனை கிளிகள் பூசண நோயில் போயிருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணினார். ஆனாலும் அவருக்குத் திருப்தியில்லை. "கூண்டு தொங்குற எடத்த ஒரு தடவ பாத்துட்டேன்னா தேவலைங்க" என்று கேட்டார்.

"அதெல்லாம் எதுக்கு டாக்டரே? வூட்ல பூசை நடக்குது. இங்கயே பாத்துக்குங்க" என்று பதில் வந்தது.

அடுத்த முறை போனார். பூசை. அதற்கடுத்த முறையும் போனார். பூசை. எந்நேரமும் பூசை நடக்கிற புண்ணிய வீடு அது!

கடைசியில் என்ன நடந்தது? தலைவரின் துணைவியார் அம்மா அம்சவள்ளி அவர்கள் பெண்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். நான் தவறாகச் சொன்னால் எழுந்து திருத்தட்டும். கிளி மேல் இருந்த பாசத்தால் அந்த அம்மாவே ஒரு நாள் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள்.

"டாக்டரே, என் கிளி பொழைக்குமா?"

"அது இருக்கட்டும்மா. நீங்க ஏன் இருமுறீங்க?"

"தலவலி மண்டைய பொளக்குதுங்க. காய்ச்சல் வேற. இது வந்ததுலருந்து எனக்கு ஒரே பேஜாரா இருக்குது. நான் மென்னு வாயோட வாயா குடுத்தாதாங்க தின்னுது. என் கட்டிலுக்கு மேலதான் கூண்டு மாட்டியிருக்குது."

இதைக் கூடத்துக்குள் போயிருந்தால் அவர் முதல் நாளே கண்ணால் கண்டிருப்பார். கட்டிலுக்கு மேல் கூண்டு. கூண்டிலிருந்து காய்ந்து உதிரும் எச்சத் தூள். அதற்குக் கீழே படுத்துத் தூங்கும் ஒரு மனுஷி. பூசணம் இல்லை, இது கிருமி, கிளியிடமிருந்து ஆளுக்குத் தாவுகிற கிளிக் காய்ச்சல் என்று அந்த நொடியில் அவருக்குப் புரிந்தது. தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மாவ ஜல்தியா பாண்டிக்குக் கூட்டிக்கினு போங்க. கிளிகிட்டருந்து வந்த காய்ச்சல்னு சொல்லுங்க. டெட்ராசைக்ளின்தான் கேக்கும். பென்சிலின் போட்டா நம்பிடாதீங்க."

கார் கிளம்பியது. போய்ச் சேர்ந்து இவர்கள் சொல்வார்களோ மாட்டார்களோ என்று அவருக்குப் பதைப்பு. காரில் இடம் இருந்தது. அவர் பஸ் பிடித்து அந்தக் காருக்குப் பின்னால் பாண்டிச்சேரிக்குப் போனார்! அங்கிருந்த மருத்துவர் ஒரு நல்ல மனிதர். இவரை நாற்காலியில் உட்கார வைத்து, சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டபடி மருந்து கொடுத்தார். அம்சவள்ளி அம்மா பிழைத்து எழுந்தார்கள். நூறு வருடம் வாழட்டும், மனதாரச் சொல்கிறேன்.

டாக்டர் திரும்பி வந்து என்ன செய்தார்? அதே கூடையில் வந்த மற்றக் கிளிகள் எந்த வீட்டில் என்று தேடிப் போனார். தன்னிடம் இருந்த மருந்தை எல்லாம் அவற்றுக்குக் கரைத்துக் கொடுத்துத் தீர்த்தார். சில வீடுகள் கதவையே திறக்கவில்லை. அப்போதே அவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. தலைவலி, வறட்டு இருமல், பிறகு சளியில் ரத்தக் கோடு. இன்னது வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பாண்டிச்சேரி வரைக்கும் போக உடம்பில் தெம்பில்லாமல், தெரிந்தேதான் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், சொல்லி இனி என்ன ஆகப் போகிறது?

பெயர் கேட்டார்களாம். வேலை கேட்டார்களாம். சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்களாம். தெருவைச் சொன்னதும் நோய் முடிவாகிவிட்டது! அந்தத் தெருவில் பிறந்தவன் ரத்தம் துப்பினால் டி.பி.யாகத்தானே இருக்க வேண்டும்! படம் எடுத்தார்கள், நெஞ்சில் நிழல் தெரிந்தது. சளியைச் சோதித்தார்கள், டி.பி. கிருமி இல்லை என்று வந்தது. இல்லாத கிருமிக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"கிளிக் காய்ச்சல் டாக்டர். டெட்ராசைக்ளின் குடுங்க, போதும்" என்று கெஞ்சினார். யாரையும் கெஞ்சாத மனிதர். அவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "நீங்க மாட்டுக்குச் சொல்லுங்க சார். மனுசனுக்கு நாங்க பாத்துக்கறோம்."

அவர் சொல் நாய்க்குச் செல்லுபடியானது. கிளிக்குச் செல்லுபடியானது. வசதியான வீட்டு அம்மாவுக்கும் செல்லுபடியானது. அவருடைய சொந்த உடம்புக்குச் செல்லவில்லை. இதைவிட ஒரு கொடுமை உண்டா?

இங்கேதான், தலைவர் அவர்களே, நான் உங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஜெயம் அம்மா உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். எதற்காக? ஒரே ஒரு வார்த்தைக்காக. "இந்த மனிதர் சொன்ன மருந்தால்தான் என் மனைவி பிழைத்தாள், அதையே இவருக்கும் கொடுங்கள்" என்று நீங்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லியிருந்தால் போதும். நீங்கள் சொன்னால் கேட்டிருப்பார்கள். உங்கள் காரைப் பார்த்தாலே எழுந்து நின்றிருப்பார்கள். ஜெயம் அம்மா கொட்டகையில் காத்திருந்தார்கள். வெயில் சாய்கிற வரைக்கும் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஆள் வந்து சொன்னது என்ன? வீட்டில் பூசை!

அங்கிருந்து பஸ் ஏறி விழுப்புரத்துக்கு என்னிடம் வந்தார்கள். அதுவரை எனக்கு ஒரு தகவலும் இல்லை. கையில் மருந்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். உதடெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. யாரையும் கேட்காமல் என் கையாலேயே அவர் வாயில் மருந்தைப் போட்டேன். "மாட்டு டாக்டரே வந்துட்டான்டா" என்று சிரிக்கப் பார்த்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை. பிறகு, "அந்தக் கூடைக் கிளிங்க மீதி எங்கன்னு தெரியல. நீ பாத்துடு. கூண்ட கழுவ வுடாத" என்றார். மறுநாள் காலையில் போய்விட்டார். மருந்து உள்ளே போனது உண்மை. அது வேலை செய்ய நேரம் வேண்டாமா?

இப்போது என் கையில் இந்தக் கூட்டத்தின் இரங்கல் தீர்மானத்தைக் கொடுத்து, வழிமொழியச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது? "நெடுநாள் நெஞ்சு நோயால் காலமான" என்று எழுதியிருக்கிறது. நெடுநாள் நெஞ்சு நோயா? யாருக்கு? கிளிக் காய்ச்சல் என்று எழுதினால் யாருடைய கிளி என்று கேட்பார்கள், அதுதானே பயம்?

நெஞ்சு நோய் என்றால் ஊர் டி.பி. என்றுதான் படிக்கும். இந்த நான்கு சொற்கள் என்ன செய்யும் தெரியுமா? அவர் மகளுக்கு வானூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். டி.பி. வீட்டுப் பெண் வேண்டாம் என்று வானூர்க்காரர்கள் சொல்லியனுப்பிவிட்டார்கள். துக்க வீட்டில் ஜெயம் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "படம் வேணாங்க, மால வேணாங்க சார். எம் புருசன் டி.பி.ல சாவலன்னு மைக்குல சொல்லிடுங்க. ஊரு கேக்கற மாதிரி சொல்லிடுங்க. எம் பொண்ணு மொகத்த என்னால பாக்க முடியல."

சொல்கிறேன் அம்மா. ஊர் கேட்கிற மாதிரி சொல்கிறேன். கால்நடை மருத்துவர் டாக்டர் இருதயராஜ் காச நோயால் இறக்கவில்லை! திண்டிவனத்துக் கிளிகளுக்கு வைத்தியம் பார்க்கும்போது தொற்றிய காய்ச்சலால் இறந்தார்! மருந்து இருந்தும், மருந்தின் பெயர் தெரிந்தும், தானே சொல்லியும், கேட்பாரில்லாமல் இறந்தார்! தீர்மானத்தில் இதை எழுதுங்கள். எழுதி அதன் நகலை வானூருக்கு அனுப்புங்கள். அதுவரை நான் இதை வழிமொழிய மாட்டேன். கிழித்துப் போடவும் தயங்க மாட்டேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சூளுரைத்தீர்கள். நானும் உரைக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலிருந்து அந்தக் கூடைக் கிளிகள் ஒவ்வொன்றையும் தேடி உங்கள் வீடுகளுக்கு வருவேன். கூண்டு தொங்குகிற இடத்தைக் காட்டச் சொல்வேன். என்னை உள்ளே விடுவீர்கள், எனக்குத் தெரியும். ஊஞ்சலில் உட்காரச் சொல்லிக் காபிகூடக் கொடுப்பீர்கள். ஆனால் நான் தனியாக வரப் போவதில்லை. இருதயராஜின் இடத்துக்கு வரப்போகிற புது டாக்டர் தேவசகாயம் என்னோடு வருவார். அவர் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். அவர் டாக்டர். அவர் நுழையாத வாசலில் நானும் நுழைய மாட்டேன். நாயானாலும் பூனையானாலும் கிளியானாலும் அது படுக்கிற இடத்தில் வந்துதான் பார்ப்போம். கொட்டகையில் வைத்துப் பார்க்கும் வைத்தியம் இருதயராஜோடு முடிந்தது. இதற்குச் சம்மதமில்லாத வீட்டார் இன்றைக்கே கூண்டைத் திறந்துவிட்டு, வாயில் துணி கட்டிக்கொண்டு படுங்கள்.

இன்னும் ஒன்று. மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்லப் போகிறார்கள். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரு தடவை பெண்கள் பக்கம் திரும்பிப் பாருங்கள். பந்தலில் இடமில்லாமல் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்! ஆனால் ஜெயம் அம்மாவைச் சுற்றி இருக்கிற நாற்காலிகள் மட்டும் காலி. பக்கத்தில் வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்கள். நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த அம்மாவுக்கு ஓர் இருமல்கூட இல்லை. அழுகிறார்கள், அவ்வளவுதான். அழுகை யாருக்கும் தொற்றாது. பயப்படாதீர்கள்.

இதோ, அம்சவள்ளி அம்மா எழுந்துவிட்டார்கள். போகிறார்கள். ஜெயம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நன்றி அம்மா.

நானும் மேடையை விட்டு இறங்கி அங்கேதான் போகிறேன். என் அஞ்சலியை அங்கிருந்து செலுத்திக்கொள்கிறேன். இன்னும் நாற்காலி இருக்கிறது, தலைவர் அவர்களே. வருகிறீர்களா?